பேக்கேஜ் போதாது தம்பி, எக்கோ எடுங்கள்

தம்பி, அண்ணன் 34 வயதில் போய்விட்டார் என்று படித்த பிறகு வெகுநேரம் எனக்கு எழுதக் கை வரவில்லை. மலேசியா வந்து சைபர்ஜெயாவில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம். காரியம் முடிந்த கையோடு திரும்பி வந்திருக்கிறீர்கள். ‘அவருக்கு இதயத் தசை தடித்திருந்தது, கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கோலாலம்பூரில் எங்கே போவது, ஆபீஸ் நண்பர் சொன்ன ‘ஹார்ட் செக்கப் பேக்கேஜ்’ போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

நான் இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. என் அப்பாவுக்கு 46 வயது இருக்கும்போது, வயலில் இருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். அதனால் இங்கே வந்தும் கொலஸ்ட்ரால், சுகர், பிரஷர் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். 2016-ல் ஒரு தனியார் மருத்துவமனையில் பேக்கேஜ் எடுத்தேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈசிஜி, அவ்வளவுதான். ஈசிஜியில் லேசான மாற்றம் இருந்தும் கவலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா எப்படி இறந்தார் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து, மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தேன். அப்போதுதான் எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்தார்கள். இதயச் சுவர் 18 மில்லிமீட்டர் தடிப்பு.

ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு. இதன் பெயர் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. கொலஸ்ட்ரால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது இருக்கலாம். உங்கள் அம்மா ‘நம்ம குடும்பத்துக்கு மட்டும் ஏன்’ என்று அழுதால் சொல்லுங்கள், சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். அதனால் நீங்கள் மட்டும் பார்த்தால் ஆகாது. அம்மா, அப்பா, தங்கை, முக்கியமாக அண்ணனின் இரண்டு பிள்ளைகள், எல்லாரும் பார்க்க வேண்டும்.

முதல் வேலையாக, அண்ணனின் பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் மருத்துவமனைத் தாள்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அண்ணியிடம் இப்போது கேட்கச் சங்கடமாக இருக்கும், தெரிகிறது. மச்சான் யாராவது இருந்தால் அவர் மூலம் கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் போனால் இங்கே உங்களை நெஞ்சு எரிச்சல்காரராக நினைத்துவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்கில் இதய நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். ஜாலான் துன் ரசாக்கில் தேசிய இருதயக் கழகம் இருக்கிறது, எல்லாரும் ஐஜேஎன் என்பார்கள். எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் ‘ஹாஸ்பிடல் கோலாலம்பூர்’ ஸ்டேஷனில் இறங்கலாம். லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் இருக்கிறது. உள்ளூர்க்காரர் சொல்லும் தொகையை நம்பிப் போகாதீர்கள், வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று முன்பே போன் செய்து கேளுங்கள்.

கேட்க வேண்டியது ஈசிஜியும் எக்கோவும். வலி கிடையாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவிப் பார்ப்பார்கள், அரைமணி, முக்கால் மணி ஆகும். பொதுவாக இதயச் சுவரின் தடிப்பு 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால்தான் நோய் என்பார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் 13-லேயே கவனிப்பார்கள். இதற்காகத்தான் அண்ணன் கதையைச் சொல்லச் சொல்கிறேன். ஒருமுறை நார்மல் என்று வந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். தடிப்பு பிறகும் வரலாம், பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இன்னும் அடிக்கடி.

மரபணுச் சோதனைக்கு அவசரப்பட வேண்டாம். குடும்பத்தில் எந்த மாற்றம் ஓடுகிறது என்று தெரியாமல் உங்களுக்கு மட்டும் எடுத்து ‘இல்லை’ என்று வந்தால், அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

இன்ஷூரன்ஸைப் பற்றிப் பயந்து அண்ணன் விஷயத்தை மறைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மறைக்காதீர்கள். கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால், பின்னால் பெரிய பில் வரும்போது அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். ஹெச்ஆரிடம் பாலிசித் தாளை வாங்கி, எதெல்லாம் சேராது என்ற பகுதியைப் படியுங்கள். அறிகுறி இல்லாமல் எடுக்கும் பரிசோதனைக்கு உங்கள் கைக்காசுதான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்கோ எடுக்கும்வரை சனிக்கிழமை ஃபுட்சால் வேண்டாம். மயக்கமோ, ஓடும்போது நெஞ்சில் படபடப்போ வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

நான் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறேன், வேலைக்கும் போகிறேன். தேதி கிடைத்ததும் எனக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் வந்து உங்களோடு உட்காருகிறேன்.