போட்டிக்குப் போன இடத்தில் குதிரை ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டால் என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மகளுடைய எட்டு வயது கெல்டிங், அதாவது காயடித்த ஆண் குதிரை, தடை தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டிக் குதிரை, பெங்களூரில் சொந்த லாயத்தில் எந்தக் குறையும் இல்லை, வெளியூர்ப் போட்டிக்குப் போனால் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சிறுநீர் கழிக்காமலே நிற்கிறது, தடை தாண்டும்போது வாலைச் சுழற்றிக்கொண்டு மறுக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் எலஹங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரைடிங் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா பெங்களூர் ரேஸ் கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரைக்காரராக இருந்தவர், வீடு ஸ்ரீராமபுரம், அதனால் சின்ன வயதிலிருந்தே குதிரை லத்தி வாசனையிலேயே வளர்ந்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் பள்ளிக் குதிரை சுல்தான்தான் நினைவுக்கு வந்தான்.

முதலில் ஒன்று. அது பிடிவாதம் இல்லை. குதிரைக்குத் தன் சிறுநீர் தன் காலிலேயே தெறிப்பது பிடிக்காது. கான்கிரீட், கட்டாந்தரை, மேலே மெல்லிசாக இரண்டு கை வைக்கோல் தூவிய ரப்பர் பாய், இங்கேயெல்லாம் அடித்தால் தெறிக்கும் என்று அதற்குத் தெரியும், அதனால் மெத்தென்ற தரை கிடைக்கும்வரை அடக்கும். இன்னொன்று அது நிற்கிற விதம். பின்னங்கால்களைப் பின்னால் தள்ளி அகட்டி, வாலைத் தூக்கி, முதுகைத் தாழ்த்தி நிற்க வேண்டும், அந்த நேரத்தில் எது துரத்தினாலும் சட்டென்று ஓட முடியாது. ஓடித் தப்பிப்பதை நம்பியே வாழ்கிற பிராணி, முன்பின் தெரியாத இடத்தில், பக்கத்து அறையில் தெரியாத குதிரை உதைத்துக்கொண்டிருக்க, மைக்கில் யாரோ கத்திக்கொண்டிருக்க, எப்படி நிம்மதியாக நிற்கும்?

சுல்தானை முதல் தடவை வெளியூர் கூட்டிப்போனபோது எனக்கு இது புரியவில்லை. லாரியில் ஒன்பது மணி நேரம், இறங்கினால் கொடுத்த அறை வெறும் சிமெண்ட் தரை, வைக்கோல் மறுநாள்தான் வரும் என்றார்கள். சரி, ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட்டேன். காலையில் வார்ம்-அப்பில் முதுகைக் கல் மாதிரி வைத்துக்கொண்டான், வயிற்றைப் பின்னங்காலால் இரண்டு தடவை உதைத்தான், மூன்றாவது தடையில் நின்றுவிட்டான். ஓட்டிய பையன் சாட்டையால் ஒன்று வைத்தான், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசைகிறது. மத்தியானம் வைக்கோல் வந்து தரை முழுக்கப் பரப்பிய இரண்டாவது நிமிடம் நடுவில் போய் நின்று கால் அகட்டினான். ஒரு நிமிடத்துக்கு மேலாகச் சிறுநீர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள் எல்லாமே, ஆடோ யானையோ, சராசரியாக 21 விநாடியில் முடித்துவிடுகின்றன என்று 2014-இல் ஒரு ஆராய்ச்சி வந்தது. அதைப் படித்தபோதுதான் அவன் அன்றைக்கு எவ்வளவு அடக்கியிருந்தான் என்று உறைத்தது.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். இதில் முக்கால்வாசி வேலை வீட்டில், போட்டிக்குப் பல வாரம் முன்பே நடக்க வேண்டியது.

விசில். ரேஸ் கோர்ஸில் ஓட்டம் முடிந்ததும் ஜெயித்த குதிரையை ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூட்டிப்போவார்கள். ஆழமாகப் படுக்கை போட்ட அறைக்குள் விட்டு, சிறுநீரைப் பிடிக்க நீளக் கழி முனையில் பாத்திரம் கட்டி ஒருவர் காத்திருப்பார், கூட வந்தவர் மெல்ல விசில் அடிப்பார். அப்பா அதில் கெட்டிக்காரர், குறுக்கே யாரையும் பேசவிட மாட்டார். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். வீட்டு லாயத்தில் குதிரை தானாகக் கால் அகட்டுகிற ஒவ்வொரு தடவையும், சிறுநீர் வர ஆரம்பித்த பிறகு, ஒரே மாதிரி நீளமான மெல்லிய விசில் அடியுங்கள், அது முடிக்கும்போது நிறுத்துங்கள், கழுத்தில் தட்டி ஒரு துண்டு கேரட் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அது போகும்போது மட்டும்தான் அடிக்க வேண்டும். அவசரப்பட்டுச் சும்மா நிற்கிற குதிரையிடம் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும், இந்தத் தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். எப்போது போகும் என்று தெரியாமல் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டாம், வேலை முடிந்து சேணம் கழற்றி, புதிதாகப் படுக்கை போட்ட அறைக்குள் விடுங்கள், அனேகமாக உடனே போகும். பழகிய பிறகு அதே அறையில் முதலில் விசில் அடித்துப் பாருங்கள், அப்புறம் வெளியே புல்தரையில், அப்புறம் பக்கத்தில் வேறொரு லாயத்தில். வெளியூருக்கு முன்னால் உள்ளூரிலேயே இடம் மாற்றிப் பழக்குவது ரொம்ப முக்கியம்.

படுக்கையை நீங்களே கொண்டுபோங்கள். அங்கே கொடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். வீட்டில் மரச்சுருள், அதாவது மரம் இழைக்கும்போது விழும் சீவல், பழகிய குதிரைக்கு மரச்சுருள், வைக்கோல் பழகியதற்கு வைக்கோல். நான் நான்கைந்து மூட்டை சுத்தமானதும், ஒரு சின்னப் பையில் அவனுடைய அறையிலிருந்தே நனைந்த சுருளும் எடுத்துப்போவேன். அறை நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டு, அந்த நனைந்ததை மேலே பரப்புவேன். தன் வாசனை இருந்தால் அது தன் இடம். அதற்காக வேறு குதிரையின் நனைந்த படுக்கையை எடுத்துப் போடாதீர்கள், நோய் ஒட்டும். படுக்கை போட்டதும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பத்து பேர் நின்று எட்டிப் பார்த்தால் அது போகாது.

லாரி ஓடும்போது கால் ஊன்றி நிற்பதற்கே அதற்குச் சரியாக இருக்கும், அகட்டி நிற்க முடியாது. சென்னைக்குப் போவதென்றாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கால் மணி நேரம் அமைதியாக விடுங்கள், லாரித் தரையிலும் சுருள் நன்றாக இருக்கட்டும். தலைக்கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள். ஹைவே ஓரத்தில் மட்டும் இறக்கவே இறக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். நிறையப் பேர் சிறுநீர் வரவில்லை என்று கவலைப்படுவார்கள், குதிரை தண்ணீரே குடித்திருக்காது. சாதாரண நாளிலேயே ஒரு குதிரைக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த குதிரை வேறு ஊரின் குளோரின் வாசனைத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்கிவிட்டால், அங்கேயும் அதே வெல்லத் தண்ணீரைக் கொடுக்கலாம், ருசி மாறாது. பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு வாளியும் இருக்கட்டும். புல்லை நனைத்துப் போடுவதும், தவிட்டைத் தளரக் கரைத்துக் கொடுப்பதும் உதவும், ஆனால் தவிடு பழக்கமில்லாத குதிரைக்குப் போட்டியன்று புதிதாக ஆரம்பிக்க வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும். எவ்வளவு குடித்தது என்று வாளியில் கோடு போட்டுப் பாருங்கள்.

மகளிடமும் ஒன்று சொல்லுங்கள். ஏறியிருக்கும்போது குதிரை வேகம் குறைத்து வாலைத் தூக்கிப் பின்னங்காலை அகட்டினால், உதைத்து முன்னே ஓட்டாமல், கடிவாள வாரான ரெயினை விட்டு, கால் வைக்கும் ஸ்டிரப்பில் எழுந்து முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும், இடுப்பில் பாரம் இல்லாவிட்டால்தான் அதனால் போக முடியும். அதற்கும் மேல், அவளுடைய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சேணம் போடாமல் படுக்கை போட்ட அறையில் விட்டு விசில் அடிப்பதைப் போட்டி நாளின் வேலைகளில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், பிடரிமயிரில் ஜடை பின்னுவது மாதிரி.

ஊசி ஒன்று போட்டால் சிறுநீர் ஓடி வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஃபியூரோசமைட் என்கிற அந்த மருந்து சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது, பிற மருந்துகளின் தடயத்தை மறைக்கும் என்பதும் ஒரு காரணம். அதோடு, ஏற்கெனவே வியர்த்துக் காய்ந்த குதிரையின் உடம்பிலிருந்து இன்னும் நீரைப் பிடுங்கிவிடும். டீ, காபி ஊற்றுவதும் அப்படித்தான், காஃபீனும் தடைதான். நாட்டு மருந்துப் பொடிகளில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, போட்டிக் குதிரைக்கு வேண்டவே வேண்டாம்.

கெல்டிங் என்பதால் இதையும் கவனியுங்கள். குறியின் நுனியில், சிறுநீர்த் துவாரத்தை ஒட்டிய பள்ளத்தில் அழுக்குத் திரண்டு அவரைக்கொட்டை அளவுக்கு உருண்டையாகிவிடும், அது அழுத்தினாலும் குதிரை போகச் சிரமப்படும். டாக்டர் அடுத்த முறை வரும்போது அதைக் குறிப்பாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீர் மஞ்சளாகக் கலங்கி, கொழகொழவென்று வந்தால் பயப்பட வேண்டாம், குதிரைக்கு அது இயல்பு, கால்சியம் கார்பனேட்டும் சளியும் கலந்திருப்பதால் அப்படி இருக்கும். காபி நிறத்தில் வந்து, பின்பக்கத் தசை கட்டையாகி நடக்க மறுத்தால் அது வேறு, தசை சிதைகிறது என்று அர்த்தம். அப்போது ஒரு அடிகூட நடத்தாமல், நின்ற இடத்திலேயே டாக்டரைக் கூப்பிட வேண்டும். திரும்பத் திரும்பக் கால் அகட்டியும் சொட்டு சொட்டாகத்தான் வருகிறது, அல்லது விலாவைத் திரும்பிப் பார்க்கிறது, புரளுகிறது என்றாலும் அப்படியே. வயிற்றுவலியும் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் தெரியும், விசில் அடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது.

கடைசியாக, வீட்டில் விசில் பழக்கிய ஆள்தான் போட்டிக்கும் போக வேண்டும். முடியாவிட்டால், போகிற ஆள் இரண்டு வாரம் முன்பே லாயத்துக்கு வந்து அதே விசிலை அடித்துப் பழகட்டும். சுல்தானுக்கு அப்பாதான் பழக்கினார். அப்பாவால் இப்போது பயணம் முடியாது, அதனால் அவருடைய விசிலை என் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், போன தடவை அறை வாசலில் அதைப் போட்டதும் காதை இந்தப் பக்கம் திருப்பினான், கொஞ்ச நேரத்தில் போய்விட்டான்.