வரைபடத்தில் பூங்கா, தரையில் கம்பி வேலி: கேள்வி பதில்

நகரமைப்புப் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்போர் சங்கங்களிலிருந்து வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம், அதாவது ஓ.எஸ்.ஆர். நிலம்.

எங்களுடையது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த 6 ஏக்கர் லேஅவுட். வாங்கும்போது வரைபடத்தில் பூங்கா இருந்தது. இப்போது புரமோட்டரின் மகன் அதைச் சுற்றி வேலி போட்டு "மனை விற்பனைக்கு" என்று போர்டு வைத்துவிட்டார். விற்க முடியுமா? (ஓசூர் பக்கம் மனை வாங்கியவர்)

முடியாது. ஆனால் அதை அவரிடம் சொல்ல உங்கள் கையில் காகிதம் வேண்டும்.

2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி, லேஅவுட் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தை இடமாகவே விட வேண்டும். பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. 3,000 முதல் 10,000 வரை இருந்தால்தான் இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். உங்கள் 6 ஏக்கர் ஏறக்குறைய 24,280 சதுர மீட்டர். சாலைக்கு 7,000 போனதாக வைத்துக்கொண்டாலும், பூங்காவுக்கு 1,700-க்கு மேல் வரும். அதாவது 42 சென்ட். லேஅவுட் 2019-க்கு முன்பே அப்ரூவ் ஆனது என்றால், அந்த ஆண்டின் விதியையும் அனுமதி உத்தரவில் உள்ள நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பூங்கா இடத்தை உள்ளாட்சியின் பெயருக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பதிவாகியிருந்தால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள், பட்டாவைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். என் சர்வீஸில் ஒரு லேஅவுட்டைப் பார்த்தேன். தானப் பத்திரம் முறையாகப் பதிவாகி, அலுவலக பீரோவில் 11 வருடம் தூங்கியது. பட்டா பெயர் மாற்ற யாரும் எழுதவில்லை. பழைய பட்டாவை வைத்தே நில உரிமையாளரின் பிள்ளைகள் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். நான் அளக்கப் போனபோது பூங்காவில் வாழை குலை தள்ளி நின்றது. வாழை வைத்தவர் கெட்டவரும் இல்லை. அப்பா சொத்து என்று உண்மையாகவே நம்பினார். அதைக் காலி செய்ய நாலு வருடம் கோர்ட்டில் போனது.

ஆகவே உட்பிரிவு செய்து பட்டா மாற்றச் சொல்லி உள்ளாட்சி மூலமாகத் தாசில்தாருக்கு எழுத வையுங்கள்.

எங்களுக்குத் தானப் பத்திரமே எழுதிக் கொடுக்கவில்லை. புரமோட்டரும் இறந்துவிட்டார். எல்லாம் போய்விட்டதா?

இல்லை. வரைபடத்தில் திறந்தவெளி என்று காட்டி, அதைச் சொல்லி மனைகளை விற்ற பிறகு, உரிமையாளர் அந்த இடத்தைப் பொதுமக்களுக்காக ஓர் அறங்காவலர் போலத்தான் வைத்திருக்கிறார் என்று தொண்ணூறுகளிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரிசுகளுக்கும் அதுதான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக் கொடுக்கவில்லையா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

நான் சின்ன அளவில் லேஅவுட் போடுகிறவன். 10 சதவீதத்தைச் சும்மா கொடு என்றால் விலை ஏறத்தானே செய்யும்? வளர்ச்சி வேண்டாமா?

வேண்டும் தம்பி. நானும் மனை வாங்கி வீடு கட்டியவன்தான். ஆனால் இது முடிந்துபோன வழக்கு. இந்தத் தான விதி செல்லாது என்று சென்னையிலிருந்து போன வழக்கில், விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அப்புறம் இன்னொன்று: "பார்க் ஃபேசிங்" என்று சொல்லி எதிர் வரிசை மனைகளுக்கு சதுர அடிக்கு எவ்வளவு கூடுதலாக வாங்குகிறீர்கள்? அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூங்கா இடத்தில் ஊராட்சி மேல்நிலைத் தொட்டியும் துணை சுகாதார நிலையமும் கட்டப்போகிறதாம். நல்ல காரியம்தானே, எதிர்த்தால் எங்களைத் திட்டுவார்களே? (மறைமலை நகர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா)

இந்தக் கேள்விதான் நிஜமாகவே கஷ்டமானது அம்மா. தண்ணீரும் மருந்தும் வேண்டாம் என்று எவரால் சொல்ல முடியும்?

பெங்களூரில் இதே மாதிரி நடந்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. மருத்துவமனை நல்லதுதான், ஆனால் அது பூங்காவுக்கு ஈடாகாது என்பதுதான் விஷயம். எனவே "கட்டாதே" என்று போகாதீர்கள். "இங்கே வேண்டாம், அங்கே கட்டுங்கள்" என்று போங்கள். கிராமக் கணக்கில் புறம்போக்கு எங்கே கிடக்கிறது என்று விஏஓவிடம் கேளுங்கள். லேஅவுட்டில் பொது உபயோகத்துக்கு என்று தனியாக இடம் காட்டியிருந்தால் அதைச் சொல்லுங்கள். மாற்று இடத்தின் சர்வே எண்ணோடு கிராம சபையில் தீர்மானம் கேட்டால், உங்களை யாரும் வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்ல முடியாது. கிராம சபை இப்போது வருடத்துக்கு 6 தடவை கூடுகிறது. ஆகஸ்ட் 15-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பூங்கா மூலையில் ஒரு பிள்ளையார் வந்துவிட்டார்.

திங்கட்கிழமை கல், வெள்ளிக்கிழமை தகரக் கூரை, மறு மாதம் டைல்ஸ். தெரிந்த கதைதான். பூங்கா, தெரு போன்ற பொது இடங்களில் எந்த மதத்துக்கும் புதிதாக வழிபாட்டுத் தலம் கட்டக் கூடாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கல்லாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். கூரை வந்தால் பேச்சே வேறு.

மாநகராட்சி பூங்காவை அருமையாகக் கட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால் "பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு. காலை 10 மணிக்குப் பூட்டு. பையன்கள் தெருவில் விளையாடுகிறார்கள்.

இதற்கு நானும் ஒரு வகையில் குற்றவாளி. எத்தனையோ மதிப்பீடுகளில் நடைபாதைக் கல், கிரானைட் பெஞ்ச், நீரூற்று என்று எழுதும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். நீரூற்று இரண்டு மாதம் ஓடும். அப்புறம் மோட்டார் காயில் போய், தொட்டியில் கொசு. டைல்ஸ் போட்ட இடத்தில் மழைத் தண்ணீர் இறங்குவதும் இல்லை.

என்னைக் கேட்டால், 40 சென்ட் பூங்காவுக்கு நாலு வேப்ப மரம், சுற்றி மண் நடைபாதை, நடுவில் ஒன்றுமே கட்டாத தரை, ஒரு குடிநீர்க் குழாய், இரண்டு விளக்கு போதும். நடுத் தரையை மாலை 4 முதல் 6.30 வரை பிள்ளைகளுக்கு விடுங்கள், விடிகாலையில் பெரியவர்கள் நடக்கட்டும். நேரத்தைப் பிரித்து எழுதிச் சங்கத்தின் கையெழுத்தோடு மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். சாவியைச் சங்கமே வைத்துக்கொள்ளக் கேளுங்கள். பிள்ளைகள் ஓடும் இடத்தை ஆக்கிரமிக்க எவனுக்கும் சுலபத்தில் தைரியம் வராது. பூட்டிக் கிடக்கும் பூங்காவில்தான் முதலில் மணல் கொட்டுவார்கள்.

முழுவதும் மியாவாக்கி காடு (மரங்களை நெருக்கமாக நட்டு வளர்க்கும் குட்டிக் காடு) வைக்கலாமா?

ஓரத்தில் வையுங்கள். முழுவதும் வைத்தால் பாம்புக்குத்தான் பூங்கா.

எல்லைக் கல்லையே காணோம், எங்கிருந்து தொடங்குவது?

புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) எடுத்துக்கொண்டு, உள்ளாட்சி மூலமாக அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் வரும் நாளில் நாலு பக்கத்து மனைக்காரர்களையும் நிற்க வையுங்கள், வேலி போட்டவர் உட்பட. கல் நட்டதும் அவர்கள் எல்லோரும் தெரியும்படி, நாலு கல்லுக்கும் தனித்தனியாகப் போட்டோ எடுங்கள். அன்றைக்கே ஒரு பிரதியை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, மறு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.