ஏழைப் பிரிவுல மருத்துவச் செலவு கம்மியா வருதுன்னா

வணக்கம் சகோ, வீட்டு சர்வே டேட்டாவ வசதிப்படி அஞ்சு பிரிவா பிரிச்சா மருத்துவச் செலவு வீட்டு மொத்த செலவுல 10%ங்கிற வரம்ப தாண்டுறவங்க பணக்காரப் பிரிவுலதான் அதிகம், கடைசிப் பிரிவுல ரொம்ப கம்மி, கோடிங்ல எங்க தப்புன்னு கேட்டிருக்கீங்க. அநேகமா கோடிங் சரியாத்தான் இருக்கும். காசில்லாதவங்க ஆஸ்பத்திரிக்கே போகாம வலியோட வீட்டுலயே கிடந்தா செலவு பூஜ்யம்னுதான் பதிவாகும், அந்த பூஜ்யத்த போயி மருத்துவச் செலவுலேர்ந்து பாதுகாப்பு கிடைச்சிருக்குன்னு எழுதுனா அந்தக் குடும்பத்துக்கு பெரிய அநியாயம்ங்க. செலவு 0 இருக்குற வீடுகள தனியா எடுத்து, உடம்பு சரியில்லாம போச்சா, சிகிச்சை எடுத்தீங்களா, எடுக்கலன்னா ஏன்னு கேள்வித்தாள்ல இருக்குற பதிலோட சேத்து பாருங்க, 'பணம் இல்ல'ன்னு சொன்னவங்க எந்தப் பிரிவுல குவியுறாங்கன்னு தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, மொத்த செலவுல 10%ங்கிறது சாப்பாட்டுக்கே இழுபறியா இருக்குற வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் ஒரே அளவுகோல். மருத்துவச் செலவு மக்கள எவ்வளவு அழுத்துதுன்னு அளக்குற ஐநாவோட நிலையான வளர்ச்சி இலக்கு (SDG) 3.8.2 குறியீட்ட 2025ல மாத்திட்டாங்க, வறுமைக்கோட்டுத் தொகைய கழிச்சிட்டு மிச்சத்துல 40%க்கு மேல மருத்துவத்துக்கு போகுதான்னு பாக்குறாங்க. மிச்சமே இல்லாத வீடு கைக்காசு கொஞ்சம் போட்டாலே கணக்குல வந்துடும். அப்படி ஒருதடவ ஓட்டிப் பாருங்க. அப்புறம் வீட்டு வெயிட்ட (சர்வேல ஒரு வீடு எத்தன வீடுகளுக்கு பதிலா நிக்குதுங்கிற எண்ண) குடும்ப ஆளுங்க எண்ணிக்கையால பெருக்கிடுங்க, ஏன்னா குறியீடு கணக்கெடுக்குறது வீடுகள இல்ல, மக்கள.