இணையம் சரியாக எடுக்காத ஊரில், அரசுப் பள்ளியின் பாடங்களை மாலையில் ஊர்மக்களும் பயன்படுத்த வழி உண்டா?

உண்டு. நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் என்று வைத்துக்கொள்கிறேன். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் மின்சாரத்துக்கும் இடத்துக்கும் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்.

தேவையானவை: 4 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி (சுருக்கமாக 'பை'), 128 ஜிபி எஸ்டி கார்டு, சாதாரண வைஃபை ரவுட்டர், கரண்ட் போனால் தாங்க மினி யுபிஎஸ். இந்தப் பெட்டியில் பாடங்களைப் போட்டுவைத்தால், இணையம் இல்லாமலே அதன் வைஃபை வழியாகப் போனில் திறக்கலாம். பாடங்களைக் காட்டும் கொலிப்ரி, விக்கிப்பீடியாவைக் காட்டும் கிவிக்ஸ் என்ற இரண்டு மென்பொருளும் இலவசம். நல்ல இணையம் உள்ள இடத்திலேயே தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி, பாடநூல் பிடிஎஃப்களை இறக்கிவிட்டு ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

"பையிலேயே வைஃபை இருக்கிறதே, ரவுட்டர் எதற்கு?" என்பார்கள். பத்துப் போன் சேர்ந்து வீடியோ போட்டால் அது திணறும். ரவுட்டரை லேன் கேபிளால் பையோடு இணைத்துத் தெருப்பக்க ஜன்னலில் வையுங்கள். சிக்னல் மதிலைத் தாண்டும். ஆறு மணிக்கு மேல் சாவி யாரிடம் என்ற பஞ்சாயத்தே வராது.

முதல் நாளே "வேலை செய்யல" என்பார்கள். காரணம் போன்தான். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள். பிரவுசரில் பையின் முகவரியைக் கையால் தட்டினால் கூகுள் தேடலுக்குப் போய் நிற்கும். ரவுட்டரில் பைக்கு நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி எண்) கொடுத்து, அந்த முகவரியை கியூஆராக அச்சடித்து மதிலில் ஒட்டுங்கள்.

அடுத்த எதிரி கரண்ட். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் கோப்புகள் சிதைந்து, பை எழாமலே போகலாம். யுபிஎஸ் வாங்கும்போது 5 வோல்ட் வழியில் 3 ஆம்பியர் தருமா என்று அச்சைப் படியுங்கள். கார்டுக்கு ஒரு நகல் எடுத்து பீரோவில் வையுங்கள். பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. இணையமும் இல்லாததால் தேதி பிசகி, யார் எந்தப் பாடத்தை எப்போது முடித்தார் என்ற பதிவெல்லாம் குழம்பும். டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்று சேர்த்தால் போதும்.

பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று யாராவது கிளம்புவார்கள். இதில் யூடியூபும் இல்லை, இன்ஸ்டாவும் இல்லை. உறை பிரிக்காத ஸ்மார்ட் போர்டு மூலையில் தூங்குகிற பள்ளிகளைப் பார்த்து இவர்களுக்குக் கோபம் வருவதில்லை, அது வேறு கதை.

பெட்டியில் பாடம் மட்டும் இருந்தால் பெரியவர்கள் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள். நாற்று, மாட்டு வைத்தியம், குளத்தின் பழைய பெயர் என்று ஊரார் சொல்வதைப் பிள்ளைகள் மூன்று நிமிடத் துண்டுகளாகப் பதிந்து தனி ஃபோல்டரில் போடட்டும். ஃபேனை அணைத்துவிட்டுப் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த இரைச்சல்தான் கேட்கும்.