தோமொவா, தொமோவா? ஒரே ஒரு ஸ்பானிய வினைச்சொல், பல கேள்விகள்

ஒரே ஒரு ஒழுங்கான வினையை எடுத்துக்கொண்டு எல்லாக் காலத்திலும் அதை உருட்டிப் பார்ப்போம், சந்தேகத்தைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் எடுத்துக்கொண்ட வினை தொமார். எடு, குடி, (மாத்திரை) போட்டுக்கொள், (பஸ்) பிடி என்று பல பொருள் இதற்கு உண்டு. பதிலுக்குப் போகும் முன் நான் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழியில் நம்மைப் போலக் குறில் நெடில் கிடையாது, அசை அழுத்தம்தான் உண்டு. அழுத்தம் விழும் இடத்தை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். நான் இருபது வருஷமாக என் நோட்டில் இப்படித்தான் எழுதிவருகிறேன், வசதியாக இருக்கிறது.

கேள்வி: எல்லாப் பாடமும் "பேசு" என்ற அப்லாரில்தானே ஆரம்பிக்கிறது? நீங்கள் ஏன் தொமார்?

பதில்: அப்லாரிலும் தப்பில்லை. ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூன்று வகை வினைகளுக்கும் ஸ்பானிய மொழி அகாடமி மாதிரியாகக் காட்டுவது அமார், தெமேர், பர்த்தீர் என்ற மூன்றை. எனக்குத் தொமார் பிடிக்கக் காரணம், அது நாள் முழுக்கப் புழங்கும் சொல். ஸ்பெயினில் பஸ் பிடிக்கிறேன் என்பதற்கு வேறொரு வினையைச் சொல்வார்கள், அதை மெக்ஸிகோவிலோ அர்ஜென்டினாவிலோ சொன்னால் கெட்ட வார்த்தையாகிவிடும், அங்கெல்லாம் தொமார்தான் பத்திரம். இன்னொன்று, லத்தீன் அமெரிக்காவில் யாராவது வெறுமனே "தோமஸ்?" என்று கேட்டால், "நீ குடிப்பியா?" என்று நம்மூரில் கேட்பதேதான். காபியைப் பற்றிக் கேட்கவில்லை!

கேள்வி: அக்கா, நிகழ்காலத்தை முதலில் சொல்லுங்கள். நான், நீ எல்லாம் ஒவ்வொரு முறையும் சொல்லணுமா?

பதில்: வேண்டாம். "குடிக்கிறேன்" என்றாலே ஆள் யாரென்று தெரிகிறதே, அதே கதை இங்கேயும். நான் என்றால் தோமொ, நீ தோமஸ், அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் தோம, நாங்கள் தொமாமொஸ், நீங்கள் பலர் தொமாய்ஸ், அவர்கள் தோமன். பால் வேறுபாடு வினையில் இல்லை, அந்த வகையில் தமிழைவிட எளிது. நாம், நாங்கள் வித்தியாசமும் கிடையாது, "தொமாமொஸ்" என்று ஒருவர் சொன்னால் உங்களையும் சேர்த்துக்கொண்டாரா இல்லையா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். மரியாதைக்குச் சொல்லும் "நீங்கள்" என்பதற்கு உஸ்தேத், அது படர்க்கை வினையை எடுக்கும், அதாவது தோம. உஸ்தேத் என்ற சொல் "தங்கள் கருணை" என்பது போன்ற பழைய மரியாதைத் தொடரின் தேய்வு, அதனால்தான் படர்க்கை. தொமாய்ஸ் ஸ்பெயினுக்கு வெளியே அநேகமாகக் காதில் விழாது, லத்தீன் அமெரிக்காவில் பலரைப் பார்த்துப் பேசும்போது உஸ்தேதெஸ், கூடவே தோமன்.

கேள்வி: அழுத்தத்தை இவ்வளவு பெரிசா எடுத்துக்கணுமா? தப்பா சொன்னாலும் புரிஞ்சுப்பாங்கதானே?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். மெக்ஸிகோ நகரில் கூடத் தங்கியிருந்த தோழிக்குக் காய்ச்சல், ஒரு சின்ன கிளினிக்குக்கு அழைத்துப் போனேன், அவள் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நர்ஸ் வந்து "தொமோ ஏதாவது?" என்கிற மாதிரி கேட்டார், காய்ச்சலுக்கு ஏதாவது போட்டுக்கொண்டாரா என்று. நான் மிகுந்த தன்னம்பிக்கையோடு "ஆமாம், தோமொ பாரசிட்டமால்" என்றேன். தொமோ என்றால் அவள் போட்டுக்கொண்டாள். தோமொ என்றால் நான் போட்டுக்கொள்கிறேன். நர்ஸ் தோழியை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை என் பக்கம் நீட்டினார். மருந்து போட்டது யார், எப்போது என்ற இரண்டு விஷயமும் ஓர் அழுத்தத்தில் மாறிவிட்டது. எழுத்தில் கடைசி உயிரின் மேல் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இறந்தகாலம் இரண்டு இருக்கிறதே, எதை எங்கே போடுவது? இரண்டு வருஷமாகக் குழம்புகிறேன்.

பதில்: எல்லோரும் குழம்பும் இடம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். முதலாவது, முடிந்துபோன செயல்: தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாஸ்தெய்ஸ், தொமாரொன். இரண்டாவது, வழக்கமாக நடந்தது அல்லது நடந்துகொண்டிருந்தது: தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன்.

நம்மவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம். "சின்ன வயசில் பாட்டி வீட்டுக்குப் போனால் தினமும் மோர் குடிப்பேன்" என்கிறோம் இல்லையா, அந்தக் "குடிப்பேன்" ஸ்பானிய மொழியில் தொமாப. அதை நேரே எதிர்காலமாக மாற்றினால் கேட்பவர் திருதிருவென்று முழிப்பார். "குடித்துக்கொண்டிருந்தேன், அப்போது போன் அடித்தது" என்பதில் குடித்துக்கொண்டிருந்ததும் தொமாப. போன் அடித்தது மட்டும் முதல் வகை. "நேற்று இரண்டு காபி குடித்தேன்" என்று எண்ணிச் சொன்னால் தொமே. நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: தமிழில் இதை "குடிப்பேன்" என்றோ "குடித்துக்கொண்டிருந்தேன்" என்றோ சொல்ல முடியுமா? முடியும் என்றால் தொமாப. பத்தில் ஒன்பது முறை சரியாக வரும்.

தொமாமொஸ் நிகழ்காலத்துக்கும் முடிந்த செயலுக்கும் ஒன்றுபோலவே வருகிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆமாம். "நேற்று" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: "எ தொமாதொ" என்றும் ஒன்று கேட்டேன். அது எதற்கு?

பதில்: "குடித்திருக்கிறேன்". எ, அஸ், அ, எமொஸ், அபேய்ஸ், அன் என்ற துணைவினையோடு தொமாதொ. ஸ்பெயினில் பெரும்பாலான இடங்களில் இன்று நடந்ததற்கு இதைத்தான் சொல்வார்கள், காலையில் குடித்த காபிக்குக்கூட. மெக்ஸிகோவிலோ அர்ஜென்டினாவிலோ இருந்தால் தொமே போதும்.

கேள்வி: எதிர்காலம் சுலபம் என்கிறார்கள், உண்மையா?

பதில்: உண்மை. தொமார் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ஒட்டுங்கள்: தொமரே, தொமராஸ், தொமரா, தொமரேமொஸ், தொமரேய்ஸ், தொமரான். இப்போது மேலே சொன்ன துணைவினையைத் திரும்பப் பாருங்கள்: எ, அஸ், அ, எமொஸ், அன். அதேதான் வந்து ஒட்டியிருக்கிறது! "குடிக்க இருக்கிறேன்" மாதிரியான தொடர் ஒட்டிப்போய் ஒரே சொல்லாகிவிட்டது. 1492இல் சலமான்காவில் வெளியான, நெப்ரிஹா என்ற அறிஞரின் ஸ்பானிய இலக்கண நூலிலேயே இந்தக் கூட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. ஒழுங்கற்ற வினைகளிலும் விகுதி இதேதான், அடிதான் மாறும்.

ஆனால் பேச்சில் இதைவிட அதிகம் கேட்பது "வோய் அ தொமார்". சொல்லுக்குச் சொல் நம் "குடிக்கப் போறேன்". அப்புறம் தொமரா எதற்கு என்றால், ஊகத்துக்கு. "இப்ப ஆறு மணி இருக்கும்" என்று எதிர்கால வடிவத்தில் நிகழ்காலத்தை ஊகிக்கிறோமே, அதை அப்படியே அவர்களும் செய்கிறார்கள். இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் படித்தவர்களுக்கு இது புதுசாக இருக்கும், நமக்கு இல்லை.

கேள்வி: சப்ஜங்டிவ் என்று ஒன்று வந்ததும் வகுப்பையே விட்டுவிட்டேன் மேடம்.

பதில்: திரும்பிப் போங்கள். விருப்பத்தையும் சந்தேகத்தையும் சொல்லும் வினை வடிவம்தான் அது. உருவாக்குவது ஒன்றும் பெரிசில்லை, அகரத்தை எகரமாக்கினால் போதும்: தோமெ, தோமெஸ், தோமெ, தொமேமொஸ், தொமேய்ஸ், தோமென். (தொமே என்றால் குடித்தேன், தோமெ என்றால் இது. மறுபடியும் அழுத்தம்.) பயன்பாட்டுக்கு "குடிக்கட்டும்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "கெ தோமெ" என்றால் குடிக்கட்டும், அவ்வளவுதான். நானே குடிக்க ஆசைப்பட்டால் "கியேரொ தொமார்". நீ குடிக்கணும் என்று நான் ஆசைப்பட்டால் ஆள் மாறிவிட்டது, "கியேரொ கெ தோமெஸ்".

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். "அவர் குடிக்கிறார்னு நினைக்கிறேன்", "அவர் குடிக்கிறார்னு நான் நினைக்கலை", இரண்டிலும் நமக்குக் "குடிக்கிறார்" மாறுவதில்லை. அவர்களுக்கு முதலாவது தோம, இரண்டாவது தோமெ. நம்பவில்லை என்று சொன்ன உடனே வினை மாறியாக வேண்டும். இதைக் காதால் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும், எனக்கு நாலைந்து வருஷம் ஆனது.

கேள்வி: தொமார என்றும் தொமாசெ என்றும் இரண்டு எழுதியிருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும். "குடித்தால்" என்று நடக்காததைக் கற்பனை செய்யும் வடிவம். லத்தீனின் இரண்டு வேறு வடிவங்களிலிருந்து வந்து ஒரே வேலைக்குச் சேர்ந்துவிட்டன. தொமார படித்தால் போதும், தொமாசெ கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்தால் சரி. செய்யும் விதம்: தொமாரொன் என்பதில் கடைசி ரொன்னை எடுத்துவிட்டு ர போடுங்கள். ஒழுங்கற்ற வினைக்கும் இந்தக் குறுக்குவழி தவறாது. "சி தொமார மேனொஸ் கஃபே, தொர்மிரீய மெஹோர்": காபியைக் குறைத்தால் நன்றாகத் தூங்குவேன். பின்பாதியில் வருவதுபோல நம் வினைக்கு தொமரீய, "குடிப்பேன், ஆனால்" என்று இழுக்கிற வடிவம். "சி" வந்த பாதியிலும் தொமரீய போடாதீர்கள். பாஸ்க் பகுதியிலும் பூர்கோஸ் பக்கமும் அங்கேயே பிறந்தவர்கள் அப்படிப் பேசுவது உண்டு, ஆனால் பரீட்சைத்தாளில் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

தொமார, தொமரா குழப்பம் வந்தால் நெடில் எங்கே என்று பாருங்கள். முன்னது கற்பனை, பின்னது எதிர்காலம்.

கேள்வி: "தொமாரெ" என்று அட்டவணைக் கடைசியில் ஒரு வரிசை இருக்கே, படிக்கணுமா?

பதில்: வக்கீலாகப் போகிறீர்கள் என்றால் படியுங்கள். சப்ஜங்டிவின் எதிர்காலம் அது, பேச்சில் செத்துப்போன வடிவம். ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் 138ஆம் பிரிவில் கொலை செய்பவர் என்பதற்கு இன்னும் இதே வடிவத்தில் "மத்தாரெ" என்றுதான் இருக்கிறது.

கேள்வி: ஏவல்? அப்புறம் அர்ஜென்டினாக்காரர்கள் ஏன் வேறு மாதிரி பேசுகிறார்கள்?

பதில்: நீ என்றால் தோம. கையில் எதையாவது கொடுக்கும்போது "இந்தா" என்பதும் இதே தோமதான். மரியாதையாக தோமெ, பலருக்குத் தோமென், ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்துக்குத் தொமாத். வேண்டாம் என்று தடுக்கும்போது எல்லாமே சப்ஜங்டிவ்: நோ தோமெஸ். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் "நீ"க்கு வோஸ் என்பார்கள், வினை தொமாஸ், ஏவல் தொமா. அழுத்தம் பின்னால் தள்ளிப்போகிறது, பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மெக்ஸிகோ புத்தகத்தில் காலங்களின் பெயரே வேறாக இருக்கிறது. பதிப்பு தப்பா?

பதில்: இல்லை. ஆந்திரெஸ் பெய்யோ 1847இல் சிலியில் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்த பெயர்கள் அவை. தொமாப வரிசைக்கு அவர் கொப்ரெத்தேரித்தொ என்றார், ஸ்பெயினில் இம்பெர்ஃபேக்தொ என்கிறார்கள். வரிசை ஒன்றுதான்.

கேள்வி: தொக்கார் ஒழுங்கான வினையா? "தொட்டேன்" என்று எழுதும்போது எழுத்தே மாறுகிறதே.

பதில்: ஒழுங்கான வினைதான், முழுக்க முழுக்க. தோக்கொ, தொக்கே. பார்த்தீர்களா, தமிழில் எழுதினால் மாற்றமே இல்லை! அவர்களுடைய எழுத்தில் எகரத்துக்கு முன் சி போட்டால் ஒலி மாறிவிடும், ககர ஒலியைக் காப்பாற்ற க்யூவையும் யூவையும் கொண்டுவருகிறார்கள். வாய்க்கு ஒழுங்கு, கைக்குத்தான் வேலை.

கேள்வி: மற்ற இரண்டு வகை வினைகளையும் ஒரு வரியில் சொல்லுங்களேன்.

பதில்: சாப்பிடு என்ற கொமேர், ஏறு என்ற சுபீர். நிகழ்காலத்தில் அகரம் இருந்த இடத்தில் எகரம்: கோமொ, கோமெஸ், கோமெ. முடிந்த செயலுக்குக் கொமீ, கொமீஸ்தெ, கொமியோ. வழக்கத்துக்குக் கொமீய. சுபீர் ஏறக்குறைய அதே பாதை, "நாங்கள்" வரும்போது சுபீமொஸ், கொமேமொஸ் என்றும், ஸ்பெயினின் "நீங்கள் பலர்" வரும்போது சுபீஸ், கொமேய்ஸ் என்றும் பிரியும். சப்ஜங்டிவில் தலைகீழாக அகரம் வரும், கோம, சூப.

கேள்வி: உச்சரிப்புக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா அக்கா?

பதில்: தொமாப, தொமாதொ இரண்டையும் தமிழில் எழுதியபடியே படியுங்கள். உயிர்களுக்கு நடுவில் நாம் "கோபம்", "காது" என்று சொல்லும்போது ப, த எப்படி மெத்தென்று வருகிறதோ, அவர்களுக்கும் அந்த இடத்தில் ஏறக்குறைய அப்படித்தான். சொல் முதலில் வரும் தகரமும் நம் பல்லில் படும் தகரமேதான். தெர்மாமீட்டர் நீட்டிய அந்த நர்ஸும் என் உச்சரிப்பு நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார், வாயில் அதை வைத்துக்கொண்டு என்னால் நன்றி சொல்ல முடியவில்லை.