அம்மாவின் சேலையை எந்த முனையில் வெட்டுவது?

கேள்வி: எனக்கு வயது 38. பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை ஷிப்ட். சில வாரம் நைட். மகள் முதலாம் படிவம், மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அம்மா தவறி மூன்று வருடமாகிறது. அவருடைய ஆறு காட்டன் சேலைகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து, குவில்ட் என்கிறார்களே, அந்த மாதிரிப் போர்வை ஒன்றை மகளுக்குத் தைக்க ஆசை. ஒரு சேலை நடுவில் கிழிந்துவிட்டது; அதன் முந்தானையில் அம்மா கை துடைத்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. பழக்கத்துக்காக வேறு துணியில் ஒரு குஷன் உறை தைத்தேன், நன்றாகவே வந்தது. அதைப் பார்த்து கூட வேலை செய்யும் மூன்று பேர் தங்களுக்கும் சொல்லித்தரச் சொல்கிறார்கள். நானே ஒன்றையும் முடிக்காமல் யாருக்கு என்ன சொல்லித்தருவது? 30 ரிங்கிட்டுக்குக் கடையில் போர்வை கிடைக்குமே என்கிறார் கணவர். தையல் மெஷின் அலமாரி மேல் மூடிக் கிடக்கிறது. நேரம் கிடைப்பதே இல்லை அக்கா. என்ன செய்வது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, பினாங்குப் பாலத்து நெரிசலையும் கடந்து வீட்டுக்கு வருகிறவருக்கு நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் குஷன் உறை தைக்க மட்டும் எப்படியோ நேரம் கிடைத்திருக்கிறது. அந்தத் துணி அம்மாவுடையது இல்லை, அதனால் கத்தரிக்கோல் தயங்கவில்லை. மூன்று வருடமாக உங்களைத் தடுத்து வைத்திருப்பதில் பாதி, அந்தச் சேலைகளை வெட்டப் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

என் அப்பாவின் கைலிகளை நான்கு வருடம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் மனதைத் தேற்றிக்கொண்டு பையைப் பிரித்தேன். மடிப்பு இருந்த கோடெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது, ஓரங்களில் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக. ஒரு கைலியைத் தூக்கி உதறியபோது மடிப்பு வழியாகவே பிரிந்து இரண்டாகத் தொங்கியது. வெட்டக் கூடாது என்று காத்துவைத்த துணி அது. அன்று அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் காட்டன் துணியைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் இதுதான் நடக்கும். இன்றிரவே உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக்கில் இருந்தால் வெளியே எடுங்கள். அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள்.

இனி வெட்டும் கதைக்கு வருகிறேன். சேலை முழுவதையும் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு சேலை ஐந்தரை மீட்டர். இடுப்பில் செருகும் முனை இருக்கிறதே, கட்டினால் யார் கண்ணிலும் படாத முனை, அங்கிருந்து கால் மீட்டர் மட்டும் எடுங்கள். வெட்டிய ஓரத்தை மடித்து அடித்துவிட்டால் சேலை சேலையாகவே இருக்கும். நாளைக்கு உங்கள் மகள் அதைக் கட்டலாம்.

அந்தக் கால் மீட்டர் போதுமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், தைத்த பிறகு சதுரம் நாலு அங்குலம். கால் மீட்டரில் இரண்டு வரிசை வரும். இரு பக்கக் கரையையும் விட்டுவிட்டால் வரிசைக்கு 9, ஆக ஒரு சேலைக்கு 18. ஐந்து நல்ல சேலைகளுக்கு 90. கிழிந்த சேலையிலிருந்து 9 சதுரம் எடுத்துக்கொண்டால் மொத்தம் 99. குறுக்கே 9, நெடுக்கே 11 என்று அடுக்கினால் 36 அங்குலத்துக்கு 44 அங்குலம். படிக்கும்போது மடியில் போட்டுக்கொள்ளவும், ஏர்கோன் அறையில் காலை மூடிக்கொள்ளவும் சரியான அளவு. கட்டில் முழுக்க மூடும் போர்வையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வெட்டும் முன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வலை போல மெலிந்து தெரியும் இடங்களைத் தவிருங்கள், அங்கே தையல் நிற்காது. சுங்குடி மாதிரிச் சாயம் போகும் சேலை இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சோதியுங்கள். சாயம் ஒட்டினால், வெள்ளைத் துணியில் ஒட்டாமல் நிற்கும்வரை தனியே அலசிய பிறகுதான் மற்றத் துணிகளோடு சேர்க்கலாம்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். போர்வை தைப்பது ஒரே வேலை இல்லை, நாலைந்து வேலை. ஒவ்வொன்றும் கேட்கும் நேரம் வேறு. அளந்து வெட்டுவதற்கு மேசை வேண்டும், இஸ்திரி வேண்டும், யாரும் கூப்பிடாத ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும். அது ஆஃப் நாள் வேலை. ஒரே நாளில் 99 சதுரத்தையும் வெட்ட வேண்டியதில்லை, ஆஃப் நாளுக்கு ஒரு சேலை போதும். ஒரு சதுரத்தை இன்னொன்றோடு இணைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஒரு வரிசையில் 9 சதுரம் என்றால் 8 இணைப்பு. பதினொரு வரிசைக்கு 88. ஒவ்வொன்றும் நாலரை அங்குல நீளம்தான். கையாலேயே சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போட்டுவிடலாம். நாளுக்கு இரண்டு இணைப்பு என்றால் 44 நாளில் வரிசைகள் எல்லாம் தயார்.

இதற்கு ஒரு பிஸ்கட் டின் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது சதுரம், நூல் கோர்த்த ஊசி இரண்டு, சின்னக் கத்தரி, நாலு குண்டூசி. அந்த டின் சோபா பக்கத்திலேயே இருக்கட்டும், அலமாரிக்குள் போக வேண்டாம். எடுத்து விரித்து, தேடி, பிறகு மூடி வைப்பதற்கே அரை மணி நேரம் போய்விடுவதால்தான் நமக்கெல்லாம் தையல் மலையாகத் தெரிகிறது. சோறு கொதிக்கும் நேரம், மகன் வீட்டுப்பாடம் எழுதும் நேரம், ஓர் இணைப்புக்குப் போதும். தொழிற்சாலை பஸ்ஸில் வேண்டாம். ஓடும் வண்டியில் ஊசி ஆபத்து, அதோடு அந்த நேரம் உங்கள் தூக்கத்துக்குச் சொந்தம். நைட் ஷிப்ட் வாரத்தில் டின்னைத் தொடவே தொடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் தைத்ததைப் பிரிக்க இரட்டிப்பு நேரம் ஆகும்.

நிறங்களை அடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். தரையில் 99 சதுரத்தையும் பரப்பிக்கொண்டு சண்டை போடட்டும். முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, வரிசை வரிசையாக அள்ளி, ஒவ்வொரு வரிசைக்கும் எண் எழுதிய காகிதத்தை ஊக்கால் குத்தி வையுங்கள். பூனை வந்து கலைத்தாலும் படம் இருக்கிறது.

மெஷினைக் கீழே இறக்குவது ஒரே ஒரு ஆஃப் நாளுக்குத்தான். வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் பத்து நீளத் தையல், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். நடுவில் கடைப் பஞ்சு விரிப்பு வைக்க வேண்டாம் என்பேன். நம் வெயிலுக்கு அது அதிகம். பழைய காட்டன் பெட்ஷீட் ஒன்று போதும். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைப்பது பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தானே. அடியில் வைக்கும் துணி மட்டும் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். கடைசியில் அதையே இரண்டு மடிப்பாக முன்பக்கம் கொண்டுவந்து அடித்தால் ஓரப்பட்டி என்று தனி வேலை இல்லை. மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் தரையில் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். இரண்டு மூலையை அவர் பிடிக்கட்டும், நீங்கள் ஊக்குக் குத்துங்கள். 30 ரிங்கிட் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. மாமியார் உடுத்திய சேலை எது எது என்று அந்தச் சதுரங்களில் அவரே அடையாளம் காண்பார்.

பிறகு, நாலு சதுரங்கள் கூடும் முனை ஒவ்வொன்றிலும் கெட்டி நூலால் ஒரு முடிச்சு. மொத்தம் 80 முடிச்சு. முழுப் போர்வையிலும் ஓட்டுத் தையல் ஓட்ட ஆசைப்படுவீர்கள். அடுத்த போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மூன்று தோழிகள். ஒன்றை முடித்துக் காட்டிய பிறகுதான் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது யாராவது தனியாகச் சுட்டு முடித்துவிட்டா பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுகிறோம்? ஒருவர் மாவு பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் அடுப்படியில் நிற்க, பேச்சோடு பேச்சாக டின் நிறைந்துவிடும். தையலும் அப்படித்தான். மாதத்தில் நால்வருக்கும் சேர்ந்து ஆஃப் வரும் ஒரு நாளைப் பிடித்து இரண்டு மணி நேரம் உட்காருங்கள். உங்கள் பிளாட்டின் கீழே பொது மண்டபம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் மாறி மாறி ஒவ்வொருவர் வீட்டில். ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மட்டும். பலகாரம் செய்ய ஆரம்பித்தால் மூன்றாவது மாதம் கூட்டம் நின்றுபோகும், கண்ணால் பார்த்திருக்கிறேன். நாலு பேர் வருகிறார்கள் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டில் யாரும் உங்களிடமிருந்து பிடுங்க மாட்டார்கள். தனக்கென்று கேட்டால் கிடைக்காத நேரம் நம் வீடுகளில் அப்படித்தான் கிடைக்கிறது.

அவர்களுக்குச் சதுரக் கணக்கைக் கற்றுத்தர வேண்டாம். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் கவண்டி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஸ்கேல் இல்லை, மெஷின் இல்லை. அடித்துணியை விரித்து, வெளி ஓரத்திலிருந்து பழந்துணித் துண்டுகளை ஓரம் மடித்து வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். மூலைகளில் வண்ணத் துணியை முக்கோணமாக மடித்துத் தைத்துவிடுவார்கள், அதற்குப் பெயர் பூலா. கைக்குட்டை அளவில் ஒன்று தைத்தாலே கை பழகிவிடும். துண்டுத் துணிக்குச் செலவும் இல்லை. பாஜு கூரோங் தைக்கும் அக்காமார்களிடம் 'காயின் பெர்ச்சா' இருக்கிறதா என்று கேட்டால் பை நிறையத் தருவார்கள். அதில் காட்டன் எது என்று தெரிய ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் போல எரிந்து சாம்பலானால் காட்டன், உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர்.

உங்கள் தோழிகளிடமும் யாரோ ஒருவருடைய துணி அலமாரியில் காத்துக்கொண்டிருக்கலாம். முதல் வெட்டை வெட்டும் நாளில் அவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், 1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன தன் கணவர் வயலில் உடுத்திய உடுப்புகளை எடுத்துப் போர்வையாகத் தைத்தார். மகள் ஆர்லோன்சியா கூட இருந்து உதவினாள். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் ஆசை. அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன, அடுத்து நியூயார்க்கில். வேலைத் துணியில் வெயில் பட்டு வெளுத்த இடமும் தேய்ந்த இடமும் அப்படியே தெரியும். யாரும் மறைக்கவில்லை.

அதனால் உங்கள் அம்மாவின் மஞ்சள் கறையையும் வெட்டி எறிந்துவிடாதீர்கள், ஊறவைத்துத் துவைக்கவும் வேண்டாம், வெறும் தண்ணீரில் அலசினால் போதும். அந்தச் சேலையைக் கடைசியாக வெட்டுங்கள், அதற்குள் கை பழகியிருக்கும். கறை நடுவில் விழும்படி ஸ்கேலை வைத்து ஒரு சதுரம் எடுங்கள். மேலிருந்து ஆறாவது வரிசை, இடமிருந்து ஐந்தாவது கட்டம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் போர்வையின் நட்டநடு அதுதான்.