போட்டதே தெரியாத ஆபீஸ் மேக்கப்: உங்க கேள்விகளும் என் பதிலும்

கல்யாண சீசன் முடிஞ்சு இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு, இன்பாக்ஸ்ல குவிஞ்சு கிடந்ததுல ஆபீஸ் மேக்கப் பத்தின கேள்விய மட்டும் பொறுக்கி எடுத்துட்டேன். ஒரே கேள்விய நாலு பேரு கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன், பேரு எதுவும் போடல.

ஓ.எம்.ஆர்ல ஐ.டி. கம்பெனில புதுசா சேர்ந்திருக்கேன் அக்கா. மாநிறத்துக்கும் கொஞ்சம் கம்மி. ஃபவுண்டேஷன் போட்டா வீட்டுல நல்லா இருக்கு, ஆபீஸ் கண்ணாடில பாத்தா சாம்பல் பூசின மாதிரி இருக்கு. பிராண்ட் மாத்தணுமா?

பிராண்டெல்லாம் மாத்த வேணாம் மா, ஷேடு மாத்துனா போதும். நீ வாங்கினது உன் நிறத்தை விட ஒண்ணு ரெண்டு ஷேடு வெளுப்பா இருக்கும், பந்தயமே கட்டுவேன். கடைல நிக்குற பொண்ணு "இது போட்டா பிரைட்டா இருக்கும் மேம்"னு சொல்லி அதைத்தான் எடுத்து நீட்டும், நாமளும் சரின்னு வாங்கிட்டு வந்துருவோம். வெளுப்பு ஷேடுல டைட்டானியம் டை ஆக்சைடுங்கிற வெள்ளைப் பொடி அதிகமா இருக்கும், அது கருப்பான தோல் மேல உக்காந்தா பிரைட்டா தெரியாது, சாம்பலாத்தான் தெரியும். வீட்டு மஞ்ச லைட்ல அது மறைஞ்சிரும், ஆபீஸ் வெள்ளை லைட்டுக்குக் கீழ பளிச்சுன்னு காட்டிக் குடுத்துரும்.

ஷேடு பாக்குறதுக்கு கைல தடவாதீங்க, மணிக்கட்டு நிறம் வேற முகத்து நிறம் வேற. தாடை எலும்புல ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் மூணு ஷேடை பக்கத்து பக்கத்துல கோடா இழுங்க, கடைய விட்டு வெளில வாங்க, ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரம் விடுங்க, அப்புறம் வெயில் வெளிச்சத்துல பாருங்க. எது காணாமப் போச்சோ அதுதான் உங்க ஷேடு. ஏன் காத்திருக்கச் சொல்றேன்னா தோல் எண்ணெயோட கலந்ததும் சில ஃபவுண்டேஷன் பத்து இருபது நிமிஷத்துல நிறம் மாறி லேசா கருக்கும், கடைல சரியா இருந்தது மத்தியானம் தப்பாத் தெரியிறதுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கு நெத்தி ஓரம், வாயைச் சுத்தி எல்லாம் கருப்பு கூடுதலா இருக்கும், கன்னம் மட்டும் வெளுப்பா இருக்கும். கன்னத்தை வச்சு ஷேடு எடுத்தா கழுத்து தனியா முகம் தனியா நிக்கும். முகத்துக்கு மஞ்ச பூசுற பழக்கம் இருந்தா அந்த மஞ்ச போன ஒரு நாளாப் பாத்து ஷேடு எடுக்கப் போங்க.

உண்மையச் சொன்னா ஆபீஸுக்கு முகம் முழுக்க ஃபவுண்டேஷன் தேவையே இல்ல. சன்ஸ்கிரீன் போட்டு, எங்க கருப்பு இருக்கோ அங்க மட்டும் கன்சீலர், அதாவது கருப்பை மறைக்கிற கெட்டி கிரீம் ஒத்தி, மத்த இடத்துல சொந்தத் தோல் தெரியட்டும். தோல் தெரிஞ்சாத்தான அதுக்குப் பேரு நாச்சுரல்!

வேளச்சேரில இருந்து ஸ்கூட்டில கிண்டி போறேன். ஹெல்மெட், துப்பட்டா, வேர்வை. போய் இறங்குறப்ப எல்லாம் வழிஞ்சிருக்கு.

வழியிற மாதிரி எதுவும் வீட்டுல போடாதீங்க, அவ்ளோதான். மாய்ஸ்சரைசர் லேசா, மேல சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ரெண்டு விரல் நீளம் எடுக்கணும், பட்டாணி அளவு தடவிட்டு டப்பால எஸ்.பி.எஃப். 50னு போட்டிருக்கேன்னு நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது. எஸ்.பி.எஃப்.ங்கிறது வெயில்ல இருந்து எவ்ளோ காக்கும்னு காட்டுற நம்பர். 30 இருந்தா தோலைச் சுடுற யு.வி.பி. கதிர்ல ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கும், 50 தடுக்கிறது 98, அந்த ஒரு சதவீதத்துக்காக அலையிறத விட அளவாப் போடுறதுதான் முக்கியம்.

மிச்சத்தை ஆபீஸ் ரெஸ்ட் ரூம்ல போடுங்க. போனதும் ஏ.சி.ல அஞ்சு நிமிஷம் உக்காருங்க, வேர்வை அடங்கட்டும், டிஷ்யூவால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அதுக்கப்புறம் கன்சீலர், லிப்ஸ்டிக். எல்லாரும் பண்ற தப்பு வேர்வை மேலயே காம்பேக்ட் பவுடரை அப்புறது, அது மாவாக் குழைஞ்சு மூக்கு ஓரத்துல திட்டுத் திட்டா நிக்கும். எண்ணெய்ய எடுத்துட்டு பவுடர் போடணும், பவுடரை வச்சு எண்ணெய்ய மூடக் கூடாது.

கண்ணுக்குக் கீழ கருவளையம். கன்சீலர் போட்டா கருப்பு போய் சாம்பல் வட்டம் வருது.

மேல சொன்ன அதே வியாதிதான். கருவளையத்துல நீலமும் பழுப்பும் கலந்திருக்கும், அது மேல நேரா வெளுப்பா ஒண்ணப் போட்டா சாம்பல்தான் வரும். முதல்ல ஆரஞ்சு கரெக்டர், அதாவது கன்சீலருக்கு அடில போடுற கலர் கிரீம், நீலத்தை அடிக்கிறது ஆரஞ்சுதான். மாநிறம்னா பீச், கருப்புன்னா நல்ல ஆரஞ்சு. அரிசி அளவு போதும், மூக்குப் பக்கம் குழியா இருக்குமே அந்த இடத்துல மோதிர விரலால தட்டித் தட்டி விடுங்க. மேல முகத்தோட அதே ஷேடு கன்சீலர். வெளுப்பு ஷேடு கன்சீலரை முக்கோணமா இழுக்குற வீடியோவெல்லாம் ஸ்டுடியோ லைட்டுக்கு, ஸ்டாண்ட் அப் மீட்டிங்குக்கு இல்ல.

தனியா கரெக்டர் வாங்க மனசு வரலையா, செங்கல் கலர் லிப்ஸ்டிக் இருந்தா துளியூண்டு தொட்டு மெலிசாப் பரப்பிப் பாருங்க, வேலைக்கு ஆகும். ஆனா கண்ணு உள்பக்கம் படாம, அதுவும் எப்பவாவது அவசரத்துக்கு மட்டும்.

மை வச்சா பதினொரு மணிக்கெல்லாம் கண்ணுக்குக் கீழ அப்பிக்குது. பாட்டி செஞ்ச மை வேற வச்சுப் பாத்தேன், அது இன்னும் மோசம்.

பாட்டி மை இன்னும் மோசமா வழியிறது நியாயம்தான். விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும் மட்டும்தான அதுல இருக்கு, பிடிச்சு நிறுத்த மெழுகு கிடையாது. கடைல விக்கிற காஜல் பென்சில்ல மெழுகு இருக்கும், அதனாலதான் கொஞ்ச நேரமாவது நிக்குது. ஆனா எந்த மையா இருந்தாலும் கீழ் இமையோட உள் விளிம்புல வச்சா நிக்காது, அது எப்பவும் ஈரமா இருக்குற இடம். ஆபீஸுக்கு மேல் இமை முடியோட வேர்ல வைங்க, முடிக்கும் முடிக்கும் நடுவுல குத்திக் குத்தி. கண்ணு முழிச்ச மாதிரி தெரியும், மை வச்சது தெரியாது. கீழ வச்சே ஆகணும்னா முதல்ல அந்த இடத்து எண்ணெய்ய ஒத்தி எடுத்து துளி பவுடர் தொட்டு, வெளிப்பக்கம் மட்டும் அடர் பிரவுன் ஐ ஷேடோவ சின்ன பிரஷ்ல இழுங்க. கண்ணடில கெட்டி கிரீம் போட்டுட்டு உடனே மை வச்சா எந்த வாட்டர் ப்ரூஃபும் காப்பாத்தாது.

லென்ஸ் போடுறவங்க லென்ஸ் போட்டுட்டு மேக்கப், ராத்திரி லென்ஸைக் கழட்டிட்டு மேக்கப்ப எடுக்கணும். அப்புறம் லேபிள் இல்லாத சுர்மா, அதான் கண்ணுக்கு வைக்கிற பொடி, யாராவது ஊர்ல இருந்து வாங்கிட்டு வந்து குடுத்தா வாங்காதீங்க, ஈயம் கலந்தது நிறைய சுத்துது, வீட்டுல குழந்தை இருந்தா அந்த டப்பாவே வேணாம்.

லிப்ஸ்டிக் போட்டா "என்ன இன்னைக்கு விசேஷமா"ன்னு டீம்ல கேக்குறாங்க. உதட்டு நிறத்துலயே இருக்குற நியூட் ஷேடு வாங்குனா காய்ச்சல்காரி மாதிரி இருக்கேன்.

கேக்குறவங்களுக்கு வேற வேலை இல்ல, அதை விடுங்க. டப்பால நியூடுன்னு போட்டிருக்குறது பெரும்பாலும் வெள்ளைக்காரங்க உதட்டு நிறம், வெளுத்த ரோஸ். நம்ம நியூடுன்னா பிரவுன் கலந்த ரோஸ், செங்கல், கருப்பட்டி நிறம். உங்க கீழ் உதட்ட லேசாக் கடிச்சு விட்டுப் பாருங்க, அப்ப ஒரு நிறம் வரும்ல, அதை விட அரை ஷேடு அடர்த்தியா எடுங்க. மேல் உதடு கருப்பா கீழ் உதடு ரோஸா இருந்தா ரெண்டையும் ஒண்ணாக்கப் போராடாதீங்க, மேல் உதட்டு நிறத்துக்குப் பக்கமா எடுத்தா தானா சரியாயிரும்.

நேரா குச்சில பூசாம விரல்ல தொட்டு ஒத்துங்க, டிஷ்யூவ உதட்டுல வச்சு அழுத்துங்க, திரும்ப ஒரு தடவ ஒத்துங்க. மதியம் எண்ணெய் கத்திரிக்கா குழம்புக்கு அப்புறமும் நிக்கணும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, பன்னெண்டு மணி நேரம் நிக்கும்னு விக்கிற லிக்விட் லிப்ஸ்டிக்கும் எண்ணெய் பட்டா விட்டுரும். விரல்ல மிச்சம் இருக்குறத கன்னத்துல தட்டிக்கோங்க, ப்ளஷ் தனியா வேணாம்.

ஸ்கூல் டீச்சர். தினமும் ஸ்டிக்கர் பொட்டுதான். அந்த இடம் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு, எந்த கன்சீலர் மறைக்கும்?

மறைக்கிறது அப்புறம், முதல்ல அந்த ஸ்டிக்கரை இன்னைக்கே நிறுத்துங்க டீச்சர். சில ஸ்டிக்கர் பொட்டு பசைல பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால்னு ஒரு கெமிக்கல் இருக்கும், தோலுக்கு நிறம் குடுக்குற செல்லையே அது கெடுத்துரும். அரிப்பே இல்லாமக் கூட வெளுக்கும், அதனாலதான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஆரம்பத்துலயே தோல் டாக்டர்கிட்ட போனா நிறம் திரும்ப வர வாய்ப்பு இருக்கு. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் அந்த இடத்துல எந்த ஸ்டிக்கரும் வேணாம், குங்குமமும் வேணாம்.

பையன்தான் கேக்குறேன், சிரிக்காதீங்க. பருத் தழும்பு, தினமும் வீடியோ கால்ல கிளையன்ட் முன்னாடி உக்காரணும்.

இதுல சிரிக்க என்ன இருக்கு தம்பி, நியூஸ் வாசிக்கிற ஆம்பளைங்க எல்லாரும் போட்டுட்டுதான் உக்காருறாங்க. டின்டட் சன்ஸ்கிரீன், அதாவது தோல் நிறம் கலந்தது ஒண்ணு வாங்கு, உன் நிறத்துக்குச் சேர்றதா. அதுல இருக்குற அயர்ன் ஆக்சைடு தழும்பையும் லேசா மங்க வைக்கும், கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் தடுக்கும். நம்ம மாதிரி கருப்புத் தோல்ல கறை இன்னும் கருக்குறதுக்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். தாடில ஒட்டிக்கிட்டா காஞ்ச பழைய டூத் பிரஷால சீவி விடு. கேமரா முன்னாடி ஜன்னலைப் பாத்து உக்காரு, பாதி தழும்பு அதுலயே போயிரும்.

பேங்க்ல ஆபீசர், வயசு 52. பவுடர் போட்டா முகச் சுருக்கக் கோட்டுக்குள்ள போய் உக்காந்துக்குது, மூக்குக் கண்ணாடி வேற.

அக்கா, நம்ம தலைமுறைக்கு பவுடர்னா குளிச்சதும் கோகுல் சாண்டலைக் கொட்டி முகம் முழுக்க அப்புறதுதான். வாசம் எனக்கும் பிடிக்கும், கழுத்துக்கு முதுகுக்குப் போட்டுக்கோங்க. முகத்துக்கு மட்டும் வேணாம், வெள்ளை டால்க்கு காஞ்ச தோல்ல கோடு கோடாத்தான் நிக்கும். மாய்ஸ்சரைசர் போட்டு அது உள்ள இறங்குற வரைக்கும் புடவை கட்டுங்க, அப்புறம் சன்ஸ்கிரீன், அப்புறம் கிரீம் கன்சீலர் துளி. பவுடர் மூக்கு, தாடை நுனி, கண்ணாடி உக்கார்ற இடம், இது மூணுக்கு மட்டும். வேர்த்துக் கொட்டுற வயசு இது, வேர்த்தா ஒத்தி எடுங்க, மேல மேல போடாதீங்க. பிளஸ் பவர் கண்ணாடின்னா அது கண்ணைப் பெருசாக் காட்டும், கோணல் மையையும் சேர்த்துதான், அதனால மைய லேசாக் கலைச்சு விடுங்க. புருவத்துக்கு கருப்பு பென்சில் வேணாம், அடர் பிரவுன் போதும்.

ஜவுளிக் கடைல சேல்ஸ். மேக்கப் போட்டு பளிச்சுன்னு வரணும்னு சூப்பர்வைசர் சொல்றாரு. கூட வேலை பாக்குற பொண்ணு ஒரு கிரீம் குடுத்துச்சு, பத்து நாள்ல நல்லா வெளுத்துட்டேன். 500 ரூபாய்க்குள்ள வேற என்ன வாங்கலாம்?

உன் கேள்விய விட நடுவுல சொன்ன அந்த கிரீம்தான் எனக்குப் பயமா இருக்கு கண்ணு. பத்து நாள்ல வெளுக்க வைக்கிற கிரீம்ல ஒண்ணு பாதரசம் இருக்கும், இல்ல ஸ்டீராய்டு இருக்கும். பாதரசம் தோல் வழியா உள்ள போய் கிட்னியப் பிடிக்கும், கேரளாவுல மலப்புரத்துல 2023-ல வெளுப்பு கிரீம் போட்டவங்களுக்கு கிட்னி நோய் வந்ததை டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. டப்பாவத் திருப்பிப் பாரு. தயாரிச்சவன் அட்ரஸ் இல்ல, லைசென்ஸ் நம்பர் இல்லன்னா அதை நம்பவே நம்பாத. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் இப்படி ஏதாவது எழுதியிருந்தா அது ஸ்டீராய்டு மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. அதை சட்டுன்னு நிறுத்துனா முகம் சிவந்து எரியும், பரு கொட்டும், அதைப் பாத்துப் பயந்து திரும்ப அதையே தடவுவாங்க, அதுதான் வலை. டப்பாவ எடுத்துக்கிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்குப் போ, கிரீம் பேரைக் காட்டு, எப்படி நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க.

தோல் சரியான அப்புறம் 500 ரூபாயில பாதிய சன்ஸ்கிரீனுக்குக் குடு. மிச்சத்துல செங்கல் நிற லிப்ஸ்டிக் ஒண்ணு, அதுவே கன்னத்துக்கும். ஒரு காஜல் பென்சில். அவ்ளோ போதும், ஃபவுண்டேஷன் வாங்காத, அந்தக் காசுக்குக் கிடைக்கிறதுல உன் ஷேடே இருக்காது. சூப்பர்வைசர் பளிச்சுன்னு கேட்டா தலைய வாரி பொட்டு வச்சு இந்த மூணையும் போட்டுட்டுப் போ, அதுக்கு மேல கேக்குறதுக்கு அவரே காசு குடுக்கட்டும். ஒரு விஷயம் சொல்லவா, கடைல வேலை பாக்குறவங்க உக்கார இருக்கை குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டம் வந்தாச்சு. பளிச்சுன்னு வரச் சொல்றவரு ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்காரான்னு எழுது, அடுத்த தடவ அதையும் பேசலாம்.